லேப் நேரம் குறையவில்லையா? பழைய கணினியில் கார் ஓட்டுபவர்கள் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மாமா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் பந்தய விளையாட்டு ஓட்டும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, இதுக்கு வேற கிராஃபிக்ஸ் கார்டு போட முடியுமா? செப்பாங்குல ரெண்டு செக்கண்டு குறைஞ்சே ஆகணும்." செப்பாங் என்பது மலேசியாவின் பந்தயத் தடம், அவன் ஓட்டுவது விளையாட்டில் வரும் அதன் நகலை. அவன் கொண்டுவந்த மடிக்கணினியில் கார்டு மாற்ற வழியில்லை, அது ஒரு பக்கம். அவனை உட்கார வைத்துப் பத்துச் சுற்று ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும், அதாவது லேப் நேரத்தை, அவன் தங்கையின் பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் குறித்தேன். நல்ல சுற்றுக்கும் மோசமான சுற்றுக்கும் நான்கு செக்கண்டு வித்தியாசம். அவன் தேடிய இரண்டு செக்கண்டு அந்தத் தாளிலேயே கிடந்தது.

காசை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நேரம் எங்கே போகிறது, கணினிப் பெட்டியிலா, ஓட்டுபவரின் காலிலா? அறிகுறியை ஒழுங்காகப் பார்த்தால் பெரும்பாலும் பதில் தெரிந்துவிடும்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் செம்பனை, மிச்சம் மீதி பால்மரம். தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். இங்கே இந்த ஓட்டத்தில் பைத்தியமாக இருக்கும் ஏழெட்டுப் பேரில் ஒருவரிடமும் மூன்று திரை கிடையாது. பகலில் பட்டறை, ஆலை, லோரி. இரவு பத்துக்கு மேல் செப்பாங். என் பெட்டியில் இருக்கும் பிராசசர் ரைசன் 3 2200ஜி. தனிக் கார்டு இல்லை, சிப்புக்குள்ளேயே வரும் வேகா 8 மட்டும். திரை 24 இஞ்சு, 60 ஹெர்ட்ஸ். ஓட்டுவது அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய விளையாட்டு. இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014இல் முழுமையாக வெளியிட்டது, இன்றைக்கும் எளிய பெட்டியில் ஓடும். 2019இல் வந்த அதன் தம்பி காம்படிட்சியோனே அன்ரியல் எஞ்சினில் ஓடுவது, நம் பெட்டிகள் அதற்கு மூச்சு வாங்கும். முதலாவதே கனமாக இருக்கிறது என்றால் 2004இல் வந்த ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி இருக்கிறது, லைவ் ஃபார் ஸ்பீடு இருக்கிறது. பார்க்கப் பழசு, ஓட்டினால் ஏமாற்றாது.

எதையும் தொடும் முன்: பத்துச் சுற்று

ஒரு கார், ஒரு தடம், வேறு யாரும் இல்லாமல் தனியாக. கார் மெதுவானதாக இருக்கட்டும். அபார்த் 500 அல்லது லோட்டஸ் எலிஸ் போதும். முதல் இரண்டு சுற்றை எறிந்துவிடுங்கள். டயரும் சூடாகியிருக்காது, நீங்களும் சூடாகியிருக்க மாட்டீர்கள். மிச்சம் எட்டையும் எழுதுங்கள். திரையின் மூலையில் எஃப்பிஎஸ் எண்ணை, அதாவது செக்கண்டுக்கு எத்தனை படம் (ஃபிரேம்) வருகிறது என்ற கணக்கைப் போட்டு, அது எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள்.

எஃப்பிஎஸ் ஆடாமல் நிற்க, நேரம் மட்டும் இரண்டு மூன்று செக்கண்டு சிதறினால் காலிலும் கண்ணிலும்தான் வேலை இருக்கிறது. பெட்டியைப் பற்றிய பகுதிகளைத் தாண்டிப் போய்விடலாம். எண் விழும் அதே இடத்தில் நீங்களும் தடுமாறினால் பெட்டி. எட்டு நேரமும் அரை செக்கண்டுக்குள் அடங்கி, ஆனாலும் மற்றவர்களைவிட மெதுவாக இருந்தால் உங்களுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது, ஓட்டும் முறைதான் தப்பு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தனியாக ஓட்டினால் படம் வழவழப்பாக ஓடுகிறது, போட்டி தொடங்கினால் விக்குகிறது

200 கிமீ வேகத்தில் கார் செக்கண்டுக்கு 55 மீட்டர் போகிறது. செக்கண்டுக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் இடையே கார் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். 30 என்றால் இரண்டு மீட்டர் பக்கம். செக்கண்டில் பத்தில் ஒரு பங்கு விக்கினால் ஐந்தரை மீட்டர், ஒரு காரின் நீளத்துக்கும் மேல். பிரேக் போட வேண்டிய இடம் அந்த விக்கலுக்குள் போய்விடும்.

இதற்கு நம் ஆட்கள் முதலில் செய்வது ரெசல்யூஷனைக் குறைப்பது. பல நேரம் அது வீண். அசெட்டோ கோர்சா காரின் அசைவை செக்கண்டுக்கு 333 தடவை கணக்குப் போடுகிறது. கணினி ஓட்டும் ஒவ்வொரு காருக்கும் அந்தக் கணக்கு உண்டு. இருபது கார் இறங்கினால் சுமை ஏறுவது சிபியுவின், அதாவது பிராசசரின், தலையில். தாங்காதபோது சிபியு 99 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திரையிலேயே எச்சரிக்கை வரும். சோதிப்பது சுலபம்: ரெசல்யூஷனை 1280க்கு 720 ஆக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் அசையவில்லை என்றால் சிபியுதான் திணறுகிறது, ரெசல்யூஷனைப் பழையபடி வைத்துவிட்டுக் கார்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். எண் துள்ளி ஏறினால் கிராஃபிக்ஸ் பக்கம்.

கிராஃபிக்ஸ் பக்கம் என்றால் நான் குறைக்கும் வரிசை இது. முதலில் கண்ணாடிகள், ஏனென்றால் பின்பக்கக் காட்சியை அது இன்னொரு தடவை வரைகிறது. அடுத்து காரின் பளபளப்பில் தெரியும் பிரதிபலிப்பு. அப்புறம் நிழல், புகை. காட்சியை அழகாக்க ரசிகர்கள் செய்த கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் போட்டிருந்தால் அதில் உள்ள புல், மழை, எக்ஸ்ட்ரா எஃப்எக்ஸ் எல்லாவற்றையும் அணையுங்கள். அழகுதான், ஆனால் யார் வீட்டு மின்சாரம்? குறைக்கக் கூடாதது ஒன்று உண்டு: அனிசோட்ரோபிக் ஃபில்டர். அதற்குச் செலவு கொஞ்சம், தூரத்துத் தார்ச்சாலை தெளிவாகத் தெரிவது அதனால்தான்.

சோதிக்கும்போது வரிசையின் கடைசியில் நின்று தொடங்குங்கள். எல்லாக் காரும் கண்முன் இருக்கும் அந்த நேரம்தான் பெட்டிக்கு மோசமான நேரம். அங்கே 60 நின்றால் எங்கும் நிற்கும். சராசரி 90 காட்டி நடுவில் 40க்கு விழுவதைவிட, முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஆடாத 60 மேல்.

தனிக் கார்டு இல்லாதவர்கள் ராம் எத்தனை துண்டு என்று பாருங்கள். சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் இல்லை, ராமிலிருந்துதான் இரவல் வாங்குகிறது. ஒரே துண்டு என்றால் ஒற்றைத் தடச் சாலை. இரண்டு துண்டு என்றால் இரட்டைத் தடம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்று தெரியும். என் பெட்டியில் ஒற்றை 4 ஜிபி இருந்தது. ஈப்போவில் பழைய துண்டு ஒன்று 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிப் போட்டேன். 40ஐத் தாண்டாத இடத்தில் 55 நின்றது. இந்தப் பட்டியலில் காசு கொடுத்து வாங்கலாம் என்று நான் மனதாரச் சொல்வது இது ஒன்றைத்தான். எஸ்எஸ்டி போட்டால் தடம் சீக்கிரம் திறக்கும், லேப் நேரத்துக்கு அதில் ஒன்றும் இல்லை.

இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் தளர்கிறது

சூடு. இதைக் கண்டுபிடிக்க நிபுணன் தேவையில்லை, மடிக்கணினியின் அடியில் கை வைத்தால் போதும். பிராசசர் ஒரு அளவுக்கு மேல் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தகரக் கூரைக்குக் கீழே, காத்தாடி வெறும் சூட்டையே சுற்றி அடிக்கும் மத்தியானத்தில், அது பத்து நிமிடத்திலேயே நடக்கும். ராத்திரி ஓட்டினால் நேரம் குறைகிறது, பகலில் கூடுகிறது என்பவர்கள் சகுனம் பார்க்க வேண்டாம்.

மாமா மகனின் மடிக்கணினியை அன்றைக்கே திறந்தேன். காத்தாடி சுத்தமாகத்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு "நான்தான் அப்பப்போ ஊதுறேனே" என்றான். காத்தாடியைக் கழற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. காற்று வெளியேறும் செம்புத் தகடுகளின் வாயில், காத்தாடிக்கும் தகடுக்கும் நடுவே, ஒரு சாம்பல் நிறப் படலம். கம்பளித் துணி போல் ஒரே துண்டாக உரிந்து வந்தது. வெளியிலிருந்து ஊத ஊத அது இன்னும் இறுகித்தான் போயிருக்கிறது. அதன் நடுவில் ஒரு பூனை முடி, இரண்டு எறும்பு. பெயிண்ட் பிரஷால் தகடுகளைத் தேய்த்து, சிப்பின் மேல் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்த, சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்துப் புதிதாகக் கடலைப் பருப்பளவு வைத்து மூடினேன். காற்றடிக்கும்போது காத்தாடியைப் பல்குச்சியால் பிடித்து நிறுத்திக்கொள்ளுங்கள், சும்மா சுழல விட்டால் கெட்டுப்போகும். பேட்டரியின் இணைப்பை முதலில் கழற்றுவதையும் மறக்க வேண்டாம்.

திறக்கப் பயம் என்றால் விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் என்பதை 100இலிருந்து 99 ஆக்கிப் பாருங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். பல மடிக்கணினிகளில் அந்த ஒன்று டர்போவை நிறுத்திவிடும், சூடு நன்றாக இறங்கும். உச்ச வேகம் போகும். பதிலுக்கு நடுவில் விழாமல் இருக்கும். எஃப்பிஎஸ் போதாமல் போனால் திரும்ப 100.

ஸ்டீரிங் திருப்பினால் கார் யோசித்துவிட்டுத் திரும்புகிறது

எஃப்பிஎஸ் 60 காட்டுகிறது, ஆனாலும் எல்லாம் ஒரு நொடி பிந்தி நடப்பது போல இருக்கிறது. கார் ஆடும், நீங்கள் திருத்துவீர்கள், அதற்குள் அது மறுபக்கம் போயிருக்கும். இப்படி இருந்தால் கையைக் குறை சொல்லாமல் தாமதத்தை அளந்துவிடுங்கள். உங்கள் ஃபோனில் செக்கண்டுக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால் கையிலுள்ள ஸ்டீரிங்கும் திரையிலுள்ள ஸ்டீரிங்கும் ஒரே சட்டத்தில் வரும்படி வைத்து, வெடுக்கென்று திருப்பிப் படம் எடுங்கள். கை அசைந்த படத்திலிருந்து திரை அசைந்த படம்வரை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 மில்லிசெக்கண்டு.

நான் முதலில் அண்ணன் வீட்டுப் பழைய டிவியைத்தான் திரையாக வைத்திருந்தேன். எண்ணினால் 40 படம் வந்தது. டிவியின் மெனுவில் கேம் மோடு என்று ஒன்று புதைந்து கிடந்ததை எடுத்துப் போட்டதும் 19 ஆனது. வித்தியாசம் 88 மில்லிசெக்கண்டு, 200 கிமீ வேகத்தில் ஐந்து மீட்டர். ஒரு காசு செலவில்லை.

அடுத்தது விளையாட்டின் செட்டிங்கில் உள்ள விசிங்க். படம் குறுக்கே வெட்டியது போல் கிழியாமல் இருக்க அது ஃபிரேம்களைக் காக்க வைக்கும். காக்க வைப்பதுதான் தாமதம். அதை அணைத்துவிட்டு எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு மேல்வரம்பு வைத்துக்கொள்கிறேன். படம் அங்கங்கே கிழியும். இரண்டு நாளில் பழகிவிடும்.

ஒரே இடத்தில் பிரேக் போட்டாலும் கார் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது

என் கணக்கில் எளிய பெட்டிக்காரர்கள் நேரத்தை அதிகம் தொலைப்பது இங்கேதான். கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம், உட்கார்ந்திருக்கும் நாற்காலியை யாரும் பார்ப்பதில்லை.

ஓட்டும்போது யாரையாவது பக்கத்தில் நின்று உங்கள் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கை அழுத்தும்போது நாற்காலி ஒரு அங்குலம் பின்னால் போகிறதா? பெடல் மொசைக் தரையில் முன்னால் வழுக்குகிறதா? இரண்டில் ஒன்று நடந்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது உங்களுக்கே தெரியாது. பெடலைச் சுவரில் முட்டவைத்து, இடைவெளியில் பலகைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். காலில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி என்றால் பழைய பள்ளிக்கூடச் சப்பாத்து இரண்டு மூன்று ஜோடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு சப்பாத்துக்குள் இறக்குங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். எங்கள் அம்மா இன்னும் சிரிக்கிறார். நாற்காலி மட்டும் நகர்வதில்லை.

அது சரியாக இருந்தும் பிரேக் ஒழுங்கில்லை என்றால் பெடலின் உள்ளே பாருங்கள். விலை குறைந்த பெடல்களில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், பழைய ரேடியோவின் சத்தம் கூட்டும் குமிழ் போன்றது. தூசி ஏறினால் அந்த ரேடியோ கரகரப்பது போலவே இதுவும் துள்ளும். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து பெடலை மெல்ல மெல்ல அழுத்துங்கள். கோடு வழவழப்பாக ஏற வேண்டும். நடுவில் குதித்தாலோ, கால் எடுத்த பிறகும் கொஞ்சம் மிச்சம் காட்டினாலோ அதுதான் கோளாறு. மோட்டார் பட்டறைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, இருபது முப்பது தடவை அழுத்தி விடுங்கள். நான் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய பழைய செட், கால் எடுத்த பிறகும் மூன்று சதவீதம் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தது. நேர்ச்சாலையில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போவதற்கு எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தேன், ஒரு மாதம். சுத்தம் செய்தும் போகாத மிச்சத்துக்குத் தொடக்கத்தில் சிறிய டெட்சோன், அதாவது அழுத்தினாலும் கணக்கில் சேராத இடம், வையுங்கள்.

பெடல் நல்ல நிலையில் இருந்தும் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்கிறது என்றால் பிரேக் காமா என்ற செட்டிங்கைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பெடலின் முதல் பாதி மென்மையாகும், கடைசியில்தான் கடிக்கும். விலை குறைந்த பெடலில் காலுக்கு எதிர்ப்புக் குறைவு, அதனால் இது கை கொடுக்கும்.

கீபோர்டில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வரி: பிரேக் முழுக்க இருக்கும் அல்லது இல்லவே இருக்காது, ஆகவே சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள காரை எடுத்துக்கொண்டு வெட்கப்படாமல் ஓட்டுங்கள். முப்பது வெள்ளி கேம்பேடு கிடைத்தாலும் அது பெரிய ஏற்றம்.

எங்கே பிரேக் போடுவது என்றே கண்ணுக்குப் பிடிபடவில்லை

திரையில் தெரியும் காட்சியின் அகலம் தப்பாக இருக்கும். விளையாட்டு தானாகத் தரும் அளவு பொதுவாக அகலமானது. வளைவு இருப்பதைவிடத் தள்ளித் தெரியும், வேகம் இருப்பதைவிடக் கூடுதலாகத் தோன்றும். விளைவு, சீக்கிரம் பிரேக் போடுவோம், இல்லாவிட்டால் சுதாரித்துக்கொண்டு தாமதமாகப் போட்டு வெளியே போவோம்.

சரியான அளவுக்கு அளவுகோல் போதும். திரையின் உயரத்தில் பாதியைக் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, ஃபோன் கால்குலேட்டரில் அதற்கு டேன் இன்வர்ஸ் போட்டு, இரண்டால் பெருக்குங்கள். அசெட்டோ கோர்சா கேட்பது இந்த மேல்கீழ்க் கோணத்தைத்தான். 24 இஞ்சுத் திரையின் உயரம் 30 செமீ. 60 செமீ தூரத்தில் உட்கார்ந்தால் 15ஐ 60ஆல் வகுத்து, 28 பாகை வரும். அந்த 28ஐப் போட்டதும் குழாய்க்குள் பார்ப்பது போல் இருக்கும், பக்கத்தில் வரும் கார் தெரியாது. நான் 38இல் நிற்கிறேன். சமரசம்தான். எண்ணை ஏற்றும் முன் திரையை இழுத்து ஸ்டீரிங்குக்கு ஒட்டினாற்போல் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு அங்குலமும் உதவும்.

நம் மாதிரிப் பெட்டிக்காரர்களுக்கென்றே இன்னொரு சங்கடம் உண்டு. வேகமாக ஓட்டுபவர்களின் வீடியோவைப் பார்த்து "அந்த மரத்து நிழலில் பிரேக்" என்று மனப்பாடம் செய்துவிட்டு வருவோம். நாம்தான் நிழலை அணைத்துவிட்டோமே. சுற்றுப்புற விவரத்தைக் குறைத்தால் பந்தலும் பலகையும்கூடக் காணாமல் போகலாம். எந்த செட்டிங்கிலும் அழியாத அடையாளமாகப் பிடியுங்கள்: சிவப்பு வெள்ளைக் கரை தொடங்கும் இடம், தார் நிறம் மாறும் கோடு, வெள்ளைக் கோடு முடியும் முனை.

ஸ்டீரிங் கனமாக இருக்கிறது, ஆனால் எதுவும் சொல்வதில்லை

ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை, அதாவது ஸ்டீரிங்குக்குள் உள்ள மோட்டார் கைக்குத் தரும் விசையை, 100இல் வைத்திருப்பீர்கள். சின்ன மோட்டார் தன் உச்சத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் வரும் எல்லாம் ஒரே கனமாகத்தான் தெரியும். டயர் பிடி நழுவுவதைச் சொல்ல மிச்சம் இடம் இருக்காது. விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பெடல்ஸ் என்ற சின்ன ஆப்பைத் திரையில் போடுங்கள். வளைவில் ஃபோர்ஸ் கோடு சிவப்பாகிக்கொண்டே இருந்தால் அளவைக் குறையுங்கள், எப்போதாவது மட்டும் சிவக்கும்வரை. நடுவில் ஸ்டீரிங் செத்துக் கிடந்தால் மினிமம் ஃபோர்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, தானாக நடுங்கத் தொடங்கும் இடத்தில் ஒரு படி இறக்குங்கள்.

கார் திரும்பவே மாட்டேன் என்கிறது

இனி காலுடைய கதை. டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கு முழுவதையும் கொடுத்துவிட்டால் வளைவில் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஸ்டீரிங்கை இன்னும் திருப்புவது கடன் கேட்பது, கிடைக்காது. முன்டயர் வழுக்கும், சூடாகும், இன்னும் மோசமாகும். கார் வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது கை இன்னும் திருப்பத்தான் துடிக்கும். ஸ்டீரிங்கைச் சற்று நேராக்கி விடுங்கள், டயர் மறுபடி பிடிக்கும்.

செப்பாங்கின் முதல் வளைவு இதற்கென்றே செய்தது. நேர்ச்சாலையின் முடிவில் வலப்பக்கம் நுழைகிறோம், உள்ளே போகப் போக இறுகுகிறது, உடனே இடப்பக்கம் இரண்டாவது. நேர்க்கோட்டில் பலமாகப் பிரேக் போட்டு, திரும்பத் தொடங்கும்போது பிரேக்கைச் சட்டென்று விடாமல், ஸ்டீரிங் கூடக் கூடக் காலைத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும். பிரேக் கொஞ்சம் பிடித்திருக்கும்வரை எடை முன்டயரில் நிற்கும், மூக்கு உள்ளே வரும். ஒரேயடியாக விட்டால் மூக்கு தூக்கிக்கொள்ளும், கார் நேரே போகும். இதைப் பழக வேகமான கார் வேண்டாம். பாதி வேகத்தில் அந்த ஒரு வளைவை மட்டும் நாற்பது தடவை.

எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, நேரம் மட்டும் அங்கேயே நிற்கிறது

செப்பாங் 1999இல் திறந்த தடம். ஹெர்மான் டில்கே வடிவமைத்தது, 5.543 கிமீ, 15 வளைவு. ஃபார்முலா 1 இங்கே 2017வரை ஓடியது. அசெட்டோ கோர்சாவோடு அது வராது, ரசிகர்கள் செய்த தடத்தைத்தான் இறக்கிக்கொள்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து நிஜ செப்பாங்குக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். போட்டி பார்க்க ஒரு தடவைதான் போயிருக்கிறேன், 14ஆவது வளைவை ராத்திரியில் எத்தனை தடவை ஓட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

அந்த 14தான் விஷயம். 12 வேகமான இடது, 13 வலது, அது விரிந்துகொண்டே போய் 14இல் திடீரென்று இறுகும். கார் திரும்பிக்கொண்டிருக்கும்போதே பிரேக் போட வேண்டும். எல்லாரும் 13இல் வீரம் காட்டிவிட்டு 14இல் வெளிப்பக்கப் புல்லைத் தொடுவார்கள். 14க்கு அப்புறம் நீண்ட நேர்ச்சாலை. 900 மீட்டரைச் சராசரி 180 கிமீ வேகத்தில் கடக்க 18 செக்கண்டு. 183 என்றால் 17.7. வளைவிலிருந்து கூடுதலாகக் கொண்டுவந்த 3 கிமீ போகப் போகக் குறையும் என்பதால் பாதிதான் மிஞ்சும் என்று வைத்தாலும் 0.15 செக்கண்டு. அது முடிந்ததும் இடப்பக்கம் 15, அதற்குப் பின் இன்னொரு நேர்ச்சாலை. ஆக இந்த இரண்டு வளைவிலும் உள்ளே வேகமாகப் போவதைவிட, வெளியே வரும்போது காலைச் சீக்கிரம் முழுதாக அழுத்த முடிவதுதான் காசு. அதற்காக 13ஐ மெதுவாக ஓட்டுங்கள். மனசு கேட்காது. கடிகாரம் கேட்கும்.

மாமா மகனுக்கு நான் கொடுத்த வேலை, ஒரு ராத்திரிக்கு ஒரு வளைவு. வெளியே வரும் இடத்தில் ஒரு அடையாளம், அந்த இடத்தில் வேகம் எவ்வளவு என்று தாளில் எழுத வேண்டும். முழுச் சுற்றின் நேரத்தைப் பார்க்கவே கூடாது. முதல் ராத்திரி 14க்குப் பிறகு அவன் எழுதிய எண்கள் 96, 104, 91, 103, 88. நான்காவது ராத்திரி 103, 104, 103, 102, 104. உச்ச எண் ஏறவே இல்லை, கவனித்தீர்களா? அந்த வாரக் கடைசியில் அதே காரில், அதே மடிக்கணினியில், பத்துச் சுற்றின் சராசரி 1.6 செக்கண்டு இறங்கியிருந்தது. "இன்னும் 0.4 இருக்கு அண்ணே, அதுக்கு கார்டு வாங்கலாமா?" என்றான். தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இணையத்தில் ஓட்டினால் மற்ற கார்கள் தாவுகின்றன

இணைப்பு. வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறுங்கள், வீட்டில் யாராவது படம் பார்க்கும் நேரத்தைத் தவிருங்கள், ஐரோப்பாவை விட்டுச் சிங்கப்பூர் பக்கம் உள்ள சர்வரைத் தேடுங்கள். தாவும் காருக்குப் பக்கத்தில் ஒட்டி ஓட்ட வேண்டாம். உங்கள் திரையில் இடிக்காதது அவர் திரையில் இடித்திருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் அணைந்துவிட்டது

மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தீர்களா? மத்தியானத்துக்கு மேல் இடி இடித்தால் மெயின் சுவிட்ச் விழுவது இங்கே வாடிக்கை. முதல் இடிச் சத்தத்திலேயே நிறுத்திவிட்டுப் பெட்டி, திரை, ஸ்டீரிங்கின் அடாப்டர் மூன்றையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். மோடத்தின் பிளக்கையும், அதற்கு வரும் இணைய வயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள். என் பழைய மோடம் போனது அந்த வயர் வழியாகத்தான், பிளக் கையில் இருக்கும்போதே.